பதினெட்டுப் பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடு

நசரத்பேட்டை,
7-10-1997

அன்புள்ள மகன் சம்பத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அக்கா வடிவு, மாப்பிள்ளை தேவராஜ், பிள்ளைகள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே வடகிழக்கு மூலையில் பொம்டிலாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் லெட்டர் வெள்ளிக்கிழமை வந்தது, வடிவு படித்துக் காட்டினாள், பிறகு நானும் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன். பதில் எழுதுவதற்கு முன்னால் சில பேரை எழுத வேண்டும். அன்றைக்கு மலையில் இருந்தவர்கள், முன்னால் கொடி பிடித்துப் போன வேலப்பன்சாவடி பக்தவத்சலம், அவர் பெண்சாதி பார்வதம், பால்கார அய்யாசாமி, ஆவடி பேக்டரியில் வேலை செய்த ரகுநாதன், அரிசி மில் அக்கா தங்கை கன்னியம்மா, தாயம்மா, எதிர்வீட்டு முத்தம்மாள், பதினாலு வயசு வடிவு, நான், உன் அப்பா. மொத்தம் பத்துப் பேர். பதினேழு வருஷம் ஆகிவிட்டது, ஒரு பேர் மறக்கவில்லை, யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்றுகூடச் சொல்லுவேன். உனக்கு அப்போது ஒன்பது வயசு, காய்ச்சல் என்று உன்னைப் பக்கத்து வீட்டு நாகம்மாளிடம் விட்டுவிட்டுப் போனோம்.

அப்பா மலையில் வழுக்கி விழுந்து போனார் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறோம். மீதியைச் சொல்ல வாயைத் திறக்கக்கூடாது என்று நான்தான் வடிவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது நீ எழுதியிருக்கிறாய், தீபாவளி லீவில் நீ வேலை செய்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வாத்தியார்கள் என்று பதினெட்டுப் பேரை மூன்று நாள் மலைமேல் நடத்திக் கூட்டிப்போகிறாய், நீதான் முன்னால் போகிறவன் என்று. அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை நைனா. நீ விழுந்துவிடுவாயோ என்ற பயம் பாதிதான். மீதி பயம் என்ன என்பதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

அது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. ஊத்துக்கோட்டை தாண்டி மலைமேல் இருக்கிற பெருமாள் கோயிலுக்கு வருஷா வருஷம் பக்தவத்சலம்தான் ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். காலையில் ஏற வேண்டிய மலை, பஸ் வழியில் நின்றுபோனதில் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ஏற ஆரம்பித்தோம். நாளைக்கு ஏறலாமே என்று அய்யாசாமி சொன்னார். பக்தவத்சலம், "சனிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமை பாக்கறதுக்கு இன்னாத்துக்குய்யா வெரதம்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். காப்புக் கட்டிவிட்டால் அந்த மலைக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, எல்லோருக்கும் கோவிந்தாதான் பேர். மேலே விளக்கைப் பார்க்கும்வரைக்கும் திரும்பிக் கீழே இறங்கக்கூடாது. அதனால் ஆள் எண்ணுவதும் அப்படித்தான், முன்னால் இருந்து அவர் கோவிந்தா என்று கத்துவார், நாங்கள் எல்லோரும் கத்துவோம், சத்தம் பலமாக வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று கணக்கு. பாதி மலையில் மழை பிடித்தது, பக்கத்தில் வருகிறவர் முகம் தெரியவில்லை. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அப்பா காலில் முள் ஏறிவிட்டது. "நீ போ புள்ள, எடுத்துட்டு வந்துகினே கீறேன்" என்று வடிவை அனுப்பிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். வடிவு வந்து என்னிடம் சொன்னாள், நான் ஓடிப்போய் பக்தவத்சலத்திடம் சொன்னேன். அவர் நின்று ஒரு கோவிந்தா போட்டார், எல்லோரும் திருப்பிப் போட்டார்கள். "கேட்டியா? அல்லாரும் கீறாங்க, நட" என்றார். பத்துப் பேர் கத்தினாலும் ஒன்பது பேர் கத்தினாலும் மழையில் ஒரே சத்தம்தான். நான் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "காப்பு கட்டிகினு பாதியில எறங்குவியா? உன் ஊட்டுக்காரருக்குத்தான் ஆவாது, பாத்துக்க" என்றார். முத்தம்மாள் என் கையைப் பிடித்து, "இன்னா சின்னக் கொழந்தையா அவரு, வந்துடுவாரு வா" என்று இழுத்தாள். நானும் ஏறினேன்.

மேலே சுண்டல் கொடுத்தார்கள், பார்வதம் பத்துத் தொன்னை வாங்கி வந்தாள், ஒன்று மிச்சமாக அவள் கையிலேயே நின்றது. அப்போதுதான் எல்லோருக்கும் ஆள் குறைவது தெரிந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. அவர் கல்லில் உட்கார்ந்து பதினெட்டு மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில்தான் ஓடைப் பள்ளத்தில் அப்பாவைப் பார்த்தோம். முள்ளை எடுத்துவிட்டு, பிரிகிற இடத்தில் ஆடு போகிற தடத்தை வழி என்று நினைத்துப் போயிருக்கிறார். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற பொன்னியம்மா என்கிற பொம்பளை வந்து சொன்னாள், பள்ளத்திலிருந்து பொழுது போகிற வரைக்கும் கோவிந்தா கோவிந்தா என்று சத்தம் கேட்டதாம், யாரோ பக்தர்கள் போகிறார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாளாம். உன் அப்பா சாமி கும்பிடவில்லை நைனா, எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். தங்கவேல் இருக்கிறாயா என்று ஒரு தரம் பேர் சொல்லிக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். பார், உன் அப்பா பேரை என் கையால் இன்றைக்குத்தான் எழுதுகிறேன், ரேஷன் கடையில்கூட வடிவைத்தான் சொல்லச் சொல்லுவேன்.

அதனால் கேள். நீ எழுதிய மலையைப் பற்றி நான் ஆவடி குவார்ட்டர்ஸ் திருவேங்கடத்தைப் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் ரோடு போடுகிற வேலையில் பதினொரு வருஷம் இருந்தவர். பங்குனி சித்திரையில் சிவப்புப் பூ பூத்து மலையே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மத்தியானத்துக்கு மேல் இடியும் ஆலங்கட்டியும் வரும் என்றார். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் மண் சரியும், அட்டை கடிக்கும், அப்போது மலைப்பக்கமே தலைகாட்டாதே, ஓடைக்கரையில் கூடாரம் போடாதே. மார்கழி, தை, மாசி பனி, பனி மூடின ஓடைமேல் கால் வைத்தால் உள்ளே போய்விடும். நீ போகிற ஐப்பசிதான் இருப்பதில் நல்ல மாசமாம், வானம் தெளிவாக இருக்கும், ஆனால் மேலே எந்த நாளும் முதல் பனி விழலாம் என்றார். "அங்க நாலரைக்கெல்லாம் இருட்டிடும்மா, நம்ம ஊரு கணக்குல நடந்தா மாட்டிக்குவான்" என்றார். விடியும்போதே கிளம்பு, ஒரு மணி அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்பு, உச்சி கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பு. பருத்திச் சட்டை நனைந்தால் குளிர் எலும்பில் ஏறுமாம், கம்பளிதான் போட வேண்டும், பிள்ளைகளுக்கும் சொல்லு. மெதுவாக நடக்கிற பிள்ளையை முன்னால் விடு, கடைசியில் ஒரு பலமான ஆளைப் போடு, அவனைத் தாண்டி யாரும் பின்னால் உட்காரக்கூடாது, முள் குத்தினால் மொத்தப் பேரும் நிற்க வேண்டும். பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று, பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிக் கூப்பிடு, அவரவர் வாயால் பதில் வரட்டும், கும்பலாக வருகிற சத்தத்தை நம்பாதே. பேர்களை இரண்டு தாளில் எழுதி ஒன்றை உன் சட்டைப் பையில் வை, இன்னொன்றை எந்த வழி, என்றைக்குத் திரும்புவோம் என்பதோடு பெரிய வாத்தியாரிடம் கொடு. மலை அந்த ஊர்க்காரர்களுக்குச் சாமி என்று எழுதியிருந்தாய், அப்படியென்றால் அவர்களைக் கேட்டுவிட்டு ஏறு, உள்ளூர் ஆள் ஒருத்தரைத் துணைக்கு வைத்துக்கொள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பூவைப் பறிக்காதே, அடுப்பு மூட்டினால் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுக் கிளம்பு, தின்பண்டம் சுற்றின காகிதத்தைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவா. எங்கள் மலையில் நாங்கள் போட்ட தொன்னையும் தேங்காய் ஓடும்தான் அன்றைக்கு அப்பாவைத் தேடினவர்கள் காலை வாரிவிட்டது.

இதோடு ஒரு பார்சல் வருகிறது, குரங்குக் குல்லா ஒன்று, பருப்புப்பொடி, ஒரு விசில். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் மாப்பிள்ளை வைத்திருக்கிற கண்டக்டர் விசில்தான், சிரிக்காதே. மாப்பிள்ளையும் சிரித்தார், "அத்தே, மலை மேல இன்னா பஸ்ஸா உட போறான்" என்று. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ, இது ஊருக்கே தெரிந்த கணக்கு. ஆபத்து என்றால் ஆறு தரம் விடாமல் ஊத வேண்டும் என்று திருவேங்கடம் சொன்னார், அதைப் பதினெட்டுப் பேருக்கும் கீழேயே சொல்லிக்கொடு. கடைசி ஆளிடமும் ஒன்று இருக்கட்டும், அங்கே வாங்கிக்கொள்.

போன சனிக்கிழமை பக்தவத்சலம் நம் வாசலுக்கு வந்தார். நாமம் போட்ட சொம்போடு, பின்னால் எட்டுப் பேர், கோவிந்தா என்று. முடியெல்லாம் நரைத்துவிட்டது, இந்த வருஷமும் மலைக்கு ஆள் சேர்க்கிறார். அரிசி போட்டேன், அது பெருமாளுக்கு. அவரிடம் பேசவில்லை. இழுத்துக்கொண்டு போன முத்தம்மாளை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவள் இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்து அழுகிறாள். ஷிப்ட் இருக்கிறது என்று, தேடக்கூட நிற்காமல் மறுநாள் விடிந்ததுமே இறங்கிப் போன ரகுநாதன் ஐந்து வருஷம் கழித்து வந்து வாசலில் நின்றார், காபி கொடுத்தேன். எண்ணத் தவறுவது யாருக்கும் வரும். ஆனால் உன் அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் பக்தவத்சலம், "பெருமாளே கூப்ட்டுகினாரு, குடுத்து வெச்சவரு" என்றார், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நைனா, உன் கையிலும் தப்பு வரலாம். வந்தால் அந்த நிமிஷமே நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கித் தேடு.

உனக்கு நீண்ட ஆயுசும், உன் பின்னால் வருகிற பதினெட்டுப் பேருக்கும் கெட்டியான காலும் கிடைக்கட்டும். இறங்கின அன்றைக்கே தந்தி கொடு, வந்துவிட்டேன் என்று போடாதே, பத்தொன்பது பேரும் வந்துவிட்டோம் என்று எண்ணைப் போடு.

இப்படிக்கு,
தந்திக்காரர் வரும் பாதையைப் பார்த்திருக்கும் உன் அம்மா,
த. பஞ்சவர்ணம்

மடிக்கும் முன்னால் ஒன்று. அந்தப் பதினெட்டுப் பேர் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். எத்தனை வருஷம் கழித்தாவது அவள் தன் பிள்ளைக்கு எழுதுகிற லெட்டரின் கடைசியில் உன் பேர் வரக்கூடாது. என் லெட்டரின் கடைசியில் வருகிற பேர் பக்தவத்சலம்.