போய்ட்டு வரேங்க

வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள்

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. என் மனைவி இறந்த அன்று உறவினர்கள் ஓசையில்லாமல் நழுவ, அவளிடம் தமிழ் படித்த பிரெஞ்சுக்காரி கிளேர் மட்டும் கைகூப்பி, “போய்ட்டு வரேங்க” என்றாள். விதிவிலக்கைச் சொல்லித்தர என் மனைவிக்கு நேரம் கிடைக்கவில்லை.

“அடுத்த சாவுக்கும் வரேன்னு சொல்லுதுடா இந்தம்மா” என்றாள் அக்கா.

அதன் பிறகு உறவினர்கள் யாரும் வரவில்லை. இன்று மாலை கிளேர் வந்தாள், மன்னிப்புக் கேட்க. அவர்கள் மொழியில் திரும்பி வருவது ‘ரெவெனிர்’. லத்தீனில் ‘வா’வுக்கு முன்னால் ‘மறுபடி’யைச் சேர்த்துப் பிறந்த சொல்லாம். நினைவு திரும்புவதற்கும், வெங்காயம் வதக்குவதற்கும்கூட அதே வினைதானாம். சிக்கனமான மக்கள்.

“செத்தவங்க வந்தா?”

“அதுவும் அதேதாங்க. ‘ரெவெனான்.’ திரும்பி வர்றவங்க. பேய்.” சொன்னதும் தலை குனிந்தாள். “பயமா இருக்கா சார்?”

இல்லை என்றேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போது என் மனைவியும் “போய்ட்டு வரேங்க” என்றுதான் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

எனக்குப் பேய்களில் நம்பிக்கை கிடையாது. வாசல் கதவை மட்டும் இன்னும் தாழிடவில்லை.