கொலுசு வேண்டாம்

காஜிமார் தெரு, மதுரை
1936

மச்சானுக்கு ஸலாம்.

நம் மகள் சாதிகாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்படாதீர்கள். முதலில் முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரும் கொடுத்தேன், டாக்டரிடமும் காட்டினேன். "கீல்வாதக் காய்ச்சல்மா, வீக்கம் வடிஞ்சிரும்" என்றார். வடிந்துவிட்டது.

நெஞ்சில் மட்டும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இருதயத்தில் ஏதோ சத்தம் மாறிக் கேட்கிறதாம். அதை நீங்கள் வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். "அத்தாவுக்கு எழுதும்மா, கொழும்புல இருந்து சலங்கை வச்ச கொலுசு வாங்கிட்டு வரட்டும்" என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மச்சான், கொலுசு வேண்டாம். கை நிறைய வளையல் வாங்கி வாருங்கள். கொலுசு போட்டால் பிள்ளைக்கு ஓடத் தோன்றும்.

உங்கள் வரவு பார்த்திருக்கும்,
வீட்டுக்காரி