ஈரத்தோடு ஒட்டிய பல்செட்

மார்ச் 3

அன்புள்ள அம்மா,

இங்கே நலம். நீங்கள் தொழிலாளர் சங்க மேடையில் பேசும்போது பல்செட் கழன்று விழுந்த வீடியோ எனக்கும் வந்துவிட்டது. நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் வீட்டாரும் பார்த்துவிட்டார்கள்; அது என் அம்மா என்று நான் இன்னும் சொல்லவில்லை. வெளியே தலைகாட்ட முடியவில்லை. கல்யாணம் முடிகிறவரை வேறு யாராவது பேசட்டுமே! கோபப்படாதீர்கள்.

உங்கள் மகன்

மார்ச் 9

என் ராசாவுக்கு,

கோபப்படாதே என்று எழுதியே கோபத்தைக் கிளப்புகிறாயே! டைல்ஸ் வெட்டுகிற தூசியில் எங்கள் பெண்கள் இருமி இருமிச் சாகிறார்கள். தண்ணீர் விட்டு வெட்டும் மெஷின் கேட்டுத்தான் பேசினேன்.

பல் டாக்டரம்மாவிடம் போனேன்.

"பசை எவ்வளவு வெச்சீங்க?"

"டைலுக்குப் பூசற மாதிரி முழுசா."

"ஈரத்தோடயா?"

"டைலை நனைக்காம ஒட்டினா பிடிக்குமா டாக்டர்?"

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். முப்பது வருஷக் கைப்பழக்கம் என்னைக் கவிழ்த்துவிட்டதடா! செட்டைக் கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் மூன்றே மூன்று சின்னப் பொட்டு வைக்க வேண்டுமாம், ஓரத்தில் வைக்கக் கூடாதாம். அழுத்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டால் போதும். படுக்கும்முன் கழற்றி, ஈறில் ஒட்டியதையும் துடைத்துவிட வேண்டும். அப்படியும் ஆடினால் பசையைக் கூட்டாமல் அவரிடம் வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முதலாளியோடு பேச்சுவார்த்தை. நான்தான் பேசுவேன்.

அம்மா

மார்ச் 24

ராசா,

உன் பதிலைக் காணோம். போகட்டும், நடந்ததை நானே சொல்கிறேன். நான் எழுந்ததுமே சூப்பர்வைசர், "பல்லைப் பிடிச்சுக்கிட்டுப் பேசும்மா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"எம் பல்லு விழுந்தா எடுத்து மாட்டிக்குவேன். இவங்க நுரையீரல் போனா நீ மாட்டிவிடுவியா?" என்றேன். அரை மணி நேரம் பேசினேன், செட் இம்மிகூட அசையவில்லை. நாலு மெஷினுக்கு முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உன் கல்யாணப் பத்திரிகை சித்தி வீட்டுக்கு வந்ததாம். எனக்கு வரவில்லை. தபாலில் தாமதம் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "இனி பேசமாட்டேன், என்னையும் கூப்பிடு" என்று மட்டும் எழுதமாட்டேன்.

அந்த வீடியோவில் இருப்பது யாரென்று பெண் வீட்டார் கேட்டால், "எங்க அம்மா" என்று சொல்ல உனக்கு என்றைக்குத் தைரியம் வருகிறதோ, அன்றைக்குக் கூப்பிடு. அதுவரை எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

உன் அம்மா