நீ அனுப்பிய விளையாட்டைப் பற்றி

கோயமுத்தூர்
19.9.99

லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். நலமில்லாமல் போனாலும் நீ வந்து பார்க்கப் போவதில்லை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். உன் நலத்தைக் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தினமும் பட்டறைக்குப் போகிறார், மோட்டார் ஆர்டர் சுமாராக இருக்கிறது, மழை பெய்தும் பெய்யாமலும் போக்குக் காட்டுகிறது. ஊர்ச்செய்தி இவ்வளவு போதும். உன் ஆபீசில் வேலை செய்கிற பொள்ளாச்சிப் பையன் சீனிவாசலு லீவில் வந்தவன் நீ கொடுத்துவிட்ட பொட்டலத்தை வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனான். மரியாதை தெரிந்த பிள்ளை. அக்கா குழந்தைக்குக் காது குத்து, அதற்காகத்தான் வந்தேன் என்று சொன்னான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் வேறு பிரிவு, உன் பிரிவில் இப்போது லீவு கொடுக்க மாட்டார்கள் என்று நான் கேட்காமலேயே உனக்காக வாதாடினான். காது குத்துக்கு வருகிற பிள்ளைகளும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நான் மனதுக்குள் நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டால் எனக்கு நெஞ்சு கரிக்கிறது.

பொட்டலத்தில் அப்பாவுக்கு ஸ்வெட்டர் இருந்தது. கோயமுத்தூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவர் எங்கே போவார் என்று நீ யோசிக்கவில்லை. அண்ணனுக்கு வாட்ச். எனக்கு உன் கடிதமும் உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டியும். கடிதத்தை நான் படித்தேன், பிறகு அப்பா படித்தார், பிறகு உன் அண்ணன் கிருபா வாங்கிப் படித்து, மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அண்ணன் கல்யாணத்துக்கு வர முடியாது, மிருகங்களைப் பிடித்துச் சேர்க்கிற இந்த விளையாட்டு கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்தாக வேண்டும், அதில் பழுது இருக்கிறதா என்று ஆடிப் பார்ப்பது உன் வேலை, அதிலும் முதல் ஊரும் முதல் காடும் உன் பொறுப்பு, ஆயிரம் தடவைக்கு மேல் ஆடிவிட்டாய், இனி உன் பகுதியில் ஒரு பழுதும் கிடையாது என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார், நான் என்ன செய்கிறேன் என்று நீங்களும் ஒரு தடவை ஆடிப் பாருங்கள் அம்மா, இப்படி எழுதியிருக்கிறாய். பி.யூ.சி. படித்த அம்மாவுக்கு மகள் கொடுத்த வீட்டுப்பாடம்.

உனக்கு மறந்து போயிருக்கலாம், அதனால் எழுதுகிறேன். நம் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டு உடுத்தி, பூ முடித்து, அவன் பக்கத்தில் நின்று, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவள் பிடிக்க மறு தலைப்பை அவன் பிடிக்க, அந்தச் சீர் முடிந்த பிறகுதான் அவன் மணவறைக்குப் போவான். சீர் நடத்துகிற அருமைக்காரர் சபை முழுக்கக் கேட்கிற மாதிரி மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் எங்கே, வரச் சொல்லுங்கள் என்று கூப்பிடுவார். தீபாவளிக்கு முந்தின முகூர்த்தத்தில், கோபிசெட்டிபாளையத்தில், பெண் வீட்டார் நிறைந்த மண்டபத்தில் அவர் அப்படிக் கூப்பிடும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பது? அமெரிக்காவில் பொம்மை பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லட்டுமா? உன் சித்தி சாந்தாமணி கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்க வந்தவள், லோகு வரமாட்டாளாமே என்று இழுத்தாள். எங்க கோமளா சும்மாதான இருக்கறா அக்கா, அவளும் கிருபாவுக்குத் தங்கச்சிதானுங்களே என்றாள். அவள் மகள் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு நாள் ஆசை என்பது எனக்குத் தெரியாதா. பார்க்கலாம் சாந்தா, இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் காலடியில் பத்திரிகையை வைத்தபோது, பக்கத்தில் ஒருத்தி தனக்குத் துரோகம் செய்தவனை நினைத்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். உன் மேலதிகாரி பேருக்கு நானும் ஒரு கை மிளகாய் அரைக்கலாமா என்று தோன்றியது. அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகுதான் அந்தப் பெட்டியை எடுத்தேன். ஆசையில் எடுத்தேன் என்று நினைக்காதே. உன்னைத் திட்டுவதற்கு விவரம் வேண்டும் என்று எடுத்தேன். அதில் வெளிச்சம் இல்லை, ஜன்னலோரம் இருந்தால்தான் படம் தெரிகிறது, அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். உன் பெயரைச் சொல் என்று கேட்டது. உன் பெயரை அடித்தேன், முழுதாக இடமில்லை, லோகு என்று போட்டேன். ஒரு வீடு வந்தது, அடுப்புப் பக்கத்தில் ஒரு அம்மா நின்றாள். கிட்டப் போனால் ஜாக்கிரதையாகப் போய் வா, பசித்தால் வீட்டுக்கு வா என்று இங்கிலீஷில் சொன்னாள். வெளியே வந்தால் காட்டோரம் ஒரு குடிசை, அதில் காவல்காரர் மூன்று கூண்டு வைத்திருக்கிறார், ஒன்றில் நெருப்பு துப்புகிற ஓணான், ஒன்றில் நீர்க்கீரி, ஒன்றில் முதுகில் இலை முளைத்த ஆட்டுக்குட்டி. நான் ஆட்டுக்குட்டியை எடுத்தேன். எடுத்த கையோடு எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன் ஓடிவந்து ஓணானைத் தூக்கிக்கொண்டு என்னோடு சண்டைக்கு நிற்கிறான். நமக்கு வாய்த்த பங்காளிகள் போதாதென்று விளையாட்டிலும் ஒருத்தன். எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரிவதற்குள் என் குட்டியைக் கருக்கிவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் துவைத்திருப்பேன், கல்லும் தோதாகத்தான் இருந்தது.

இதில் எனக்கு அறவே பிடிக்காதது ஒன்று உண்டு. புல்லுக்குள் நடந்தால் காட்டு மிருகம் ஒன்று எதிரே வருகிறது. அதைச் சும்மா பிடிக்க முடியாது, நன்றாக இருக்கும்போது வலையைப் போட்டால் கிழித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. முதலில் அடிக்க வேண்டும், சாகாமல் அடிக்க வேண்டும், நிற்கத் தெம்பில்லாமல் தள்ளாடும்போது வலையைப் போட்டால் மாட்டிக்கொள்கிறது, உடனே இது இனி உன் நண்பன் என்று எழுத்து வருகிறது. நல்ல நட்பு. உன் கம்பெனிக்காரர்களும் உன்னை இப்படித்தான் பிடித்தார்களா என்று கேட்க நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, ராத்திரிச் சாப்பாடு ஆபீசிலேயே ரொட்டி, கண் எரிகிறது, முதுகு வலிக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அதற்கு அடுத்த வரியில் மேலதிகாரி பாராட்டினார் என்றும் எழுதியிருக்கிறாய். வேளா வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு விளக்கெண்ணெய் வை, கோபத்தில் இதை எழுத மறந்துவிடக் கூடாது என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பொய் சொல்ல மாட்டேன், பிடிக்கப் பிடிக்க எனக்கும் கை நிற்கவில்லை. செம்போத்து மாதிரி ஒரு பறவை, வாலில் மணி கட்டின எலி, கல்லுக்குள் ஒளிகிற ஆமை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எதிர்வீட்டுப் பையனையும் ஒரு நாள் மண்ணைக் கவ்வ வைத்தேன். உங்கப்பா வாசலில் நின்றுகொண்டு, ஏந் தெய்வா, ரசம் வெச்சியா, இல்ல அதையும் புடிக்கத்தான் போயிருக்கறயா என்று கேலி செய்தார். கிருபா மட்டும் சிரிக்கவில்லை. பாப்பா தெனமும் இதத்தான் பண்ணறாளா என்று ஒரு தடவை கேட்டான், அவ்வளவுதான். தங்கை மேல் அவனுக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது, அவன் பங்கையும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி. நம் வீட்டில் வெளியே போகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள், வந்ததும் வந்துட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள், பட்டறையில் என்ன நடந்தது என்பதை அப்பா இன்றுவரை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார். அந்தப் பழக்கம் எனக்கு விளையாட்டிலும் போகவில்லை. ஒவ்வொரு மிருகத்தையும் பிடித்ததும் நான் நேராக அடுத்த ஊருக்குப் போகவில்லை, திரும்பி நடந்து வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். அவள் பார்த்தாளோ இல்லையோ, ஜாக்கிரதையாகப் போய் வா, பசித்தால் வீட்டுக்கு வா என்று அதையேதான் சொன்னாள். பைத்தியக்காரி, வேறு பேச்சே இல்லையா உனக்கு என்று அவளையும் திட்டினேன். போன வியாழக்கிழமை அந்த முதல் காட்டில் இருக்கிற எல்லா மிருகத்தையும் பிடித்து முடித்தேன். முடித்துவிட்டு வழக்கம்போல வீட்டுக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். முதல் தடவையாக அவள் வேறு ஒரு பேச்சை ஆரம்பித்தாள். லோகு, என்று கூப்பிட்டாள். அந்தப் பெயரோடு பெட்டி நின்றுவிட்டது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. அணைத்துப் போட்டேன், காட்டிலிருந்து மறுபடி நடந்து வந்தேன், மறுபடியும் லோகு என்று கூப்பிட்டு நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். அதே கதை. கிருபாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன், அவன் கையிலும் அதே இடத்தில் நின்றது.

அவன் பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தான். பிறகு சொன்னான், "இதக் கண்டுபுடிக்கறதுதானுங்கம்மா பாப்பாவோட வேலையே. அவ ஒரு தடவகூட ஊட்டுக்குத் திரும்பிப் போயிருக்க மாட்டாளுங்க."

ஆயிரம் தடவை, லோகப்பிரியா. ஆயிரம் தடவை அந்த வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறாய், ஒரு தடவைகூட, பொம்மை வீடுதானே, நாலு எட்டு வைத்தால் வந்துவிடுகிற தூரம்தானே, விசா வேண்டாம், லீவு வேண்டாம், அந்த அம்மாவிடம் திரும்பிப் போய் நிற்கவில்லை. உங்கள் ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான் அவளுக்கு இரண்டாவதாக ஒரு பேச்சு எழுதி வைத்திருக்கிறார், திரும்பி வருகிற பிள்ளையிடம் சொல்வதற்காக. அது பாதியிலேயே நிற்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை. கல்யாணத்துக்கு வர முடியாது என்று நீ எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதைப் பார்த்தபோது அழுகை வந்தது, அழுததற்காக உன் மேல் இன்னும் கோபம் வந்தது. அதுவரைக்கும், வேலைதான் அவளை விடவில்லை, விட்டால் பறந்து வந்துவிடுவாள் என்று ஊருக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தப் பழுதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடைக்குப் போகட்டும், வாங்குகிறவர்கள் காறித் துப்பட்டும், அந்த மேலதிகாரி முகத்தை அப்போது பார்க்கலாம் என்று இருந்தது. கிருபா வேறு, சொன்னால் பாப்பாவை இன்னும் கட்டிப்போட்டுவிடுவார்கள், கண்டுபிடித்தவளே சரியாகும் வரை இருந்து பார் என்று சொல்லிவிடுவார்கள் என்றான். சொல்லாவிட்டால் மட்டும் வந்துவிடப் போகிறாயா. உன் பகுதியில் பழுது என்று நாளைக்கு யாரோ ஒருத்தன் உன்னைப் பார்த்துச் சொல்வதை என்னால் தாங்க முடியாது, அதனால் எழுதுகிறேன். காட்டில் எல்லாவற்றையும் பிடித்து முடி, அடுத்த ஊருக்குப் போகாதே, வீட்டுக்குள் போ, அம்மா எதிரில் நின்று பட்டனை அமுக்கு. நீயே பார்ப்பாய்.

அதைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்துக்கொண்டு சாந்தாமணி வீட்டுக்குப் போனேன். கிருபா வாசல்வரை வந்து, இன்னொரு வாரம் பொறுங்கம்மா, நான் போன் போட்டுப் பேசிப் பார்க்கிறேன் என்றான். நான் பொறுக்கவில்லை. இணைச்சீருக்குக் கோமளாதான் நிற்க வேண்டும் என்று தாம்பூலம் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோமளா நல்ல பெண், கூச்சப்பட்டுக்கொண்டு என் காலைத் தொட்டு வணங்கினாள், எனக்கு அவள் தலையில் கை வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. தாம்பூலம் கொடுத்துச் சொன்னதை நாம் திருப்பி வாங்க முடியாது, அது உனக்குத் தெரியும். இனி நீ அழுதாலும், டிக்கெட் வாங்கினாலும், அந்த மேலதிகாரியே கூட்டிக்கொண்டு வந்து விட்டாலும், அண்ணன் பக்கத்தில் இருந்த உன் இடம் போனது போனதுதான். கிருபா அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், அருமைக்காரர் கூப்பிடும்போது அவன் பக்கம் வெறும் தரையைப் பார்க்க என்னால் ஆகாது.

அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருக்கிறது என்று எழுதச் சொன்னார். என் ஆசியும் உண்டு, அது கோபத்தால் குறைகிற சாமான் இல்லை. உடம்புக்கு ஒன்றும் வராமல், கண் நன்றாக இருந்து, அந்த ஊரில் உன்னை ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். முகூர்த்தத் தேதியும் மண்டபத்தின் பெயரும் பத்திரிகையில் இருக்கிறது, மற்ற விருந்தாளிகளுக்கு அனுப்புகிற மாதிரியே உனக்கும் ஒன்று மஞ்சள் தடவி இதோடு வைத்திருக்கிறேன். நீ வந்தால் கோமளா கூறைச்சேலைத் தலைப்பைப் பிடித்து நிற்பதை வந்தவர்களோடு வந்தவளாகக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காவது வா.

கோபம் ஆறாத உன் அம்மா,
பா. தெய்வாத்தாள்