தோலெ என்றொரு வினைச்சொல்

ஒஸ்லோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை டிலக்சிக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை. உன் கைபேசியை இந்திரகுமார் பார்ப்பான் என்பதால், ஸ்தவாங்கரில் நீ வேலை செய்யும் பல் வைத்தியர் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். உன் கணவனை இனி ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது.

நேற்றைக்கு முந்தின சனிக்கிழமை ரொம்சோஸில் அம்மா வீட்டில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று, மென்ற சோற்றை உன் சாப்பாட்டுக் கோப்பையில் துப்பி, உன்னையே தின்னச் சொன்னான். எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். நான் கோப்பையைப் பறித்துக் குப்பையில் கொட்டினேன். நீயோ, “விடக்கா, எனக்குப் பழகிட்டுது” என்றாய். அவன் உன்னை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறானே, அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பெண் என்றால் பொறுக்கத்தான் வேண்டும் என்று அம்மா குசினியில் பாத்திரம் கழுவியபடி சொன்னார்.

திங்கட்கிழமை அகராதி வேலையில் எனக்கு வந்த சொல் ‘தோலெ’. நாமும் தினமும் சொல்கிற, பொறுத்துக்கொள் என்னும் அதே நோர்வேஜிய வினைச்சொல். பழைய நோர்ஸ் மொழியில் ‘தொலா’. அதற்கும் முந்திய வேருக்குச் சுமையைத் தூக்கு, தாங்கு என்று பொருள். அந்த வேரின் இன்னொரு கிளைதான் சமஸ்கிருதம் வழியாக எங்களிடம் தராசு என்னும் துலாமாக வந்திருக்கிறது. கூட வேலை செய்யும் மேரினுக்கு இதில் பெரிய சந்தோசம். எனக்கு அருவருப்புத்தான். எங்கள் ‘பொறு’வோடும் சுமை என்னும் ‘பொறை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த மொழியைத் தோண்டினாலும் யாரோ சுமக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் அதை நல்ல குணம் என்கிறார்கள்.

பழைய பதிப்பில், ‘அவள் எல்லாவற்றையும் பொறுப்பாள்’ என்று உதாரணம் இருந்தது. அழித்துவிட்டேன். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் இதே சொல்லை வைத்துத்தானே ‘பாலைப் பொறுக்க முடியாது’ என்கிறார்கள் என்றாள் மேரின். அதையே போட்டோம். அவர்களிடம் யாரும் பழகிக்கொள் என்று சொல்வதில்லை. பாலை எடுத்துவிடுகிறார்கள்.

நேற்று அம்மாவிடம் போய், அவன் வரும் வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்றேன். முதலில் ஏசினார். பிறகு நான் சப்பாத்துப் போடும்போது, “அவள் வந்தால் எங்கை இருப்பாள்?” என்று கேட்டார்.

என்னோடுதான் என்றேன். ரகு அத்தான் சின்ன அறையை ஒதுக்கிவிட்டார்.

ரயில் ஏறு, டிலக்சி. உடுப்பு எடுக்க முடியாவிட்டால் விடு. காரணம் யாருக்கும் சொல்ல வேண்டாம், எனக்கும் வேண்டாம். நீ வந்தால் போதும்.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அக்கா துஷாரா