றேடியோவுக்கு அடியில்

தோஹா, ஆனி 1983

அன்பு மனைவி றோஸ்மணிக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன் என்று வழமையாக எழுதுவேன். இன்று அதை எழுதக் கூசுகிறது.

புது றேடியோ வாங்கியதாக எழுதியிருந்தேனே, வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டங்களை விட்டு, ஓவர்டைம் செய்துதான் வாங்கினேன். வேலையால் வந்ததும் முகம் கழுவுமுன் அதைத்தான் துடைப்பேன். உயரம் போதாதென்று, நீ தந்துவிட்ட வேதாகமத்தை அதற்கு அடியில் வைத்திருந்தேன்.

நேற்று அறைக்கூட்டாளி, நிந்தவூர் மர்சூக், அதைக் கண்டுவிட்டான்.

"என்ன மச்சான், வேதத்துக்கு மேலயா இதெ வெச்சிரிக்காய்? எங்கட ஊட்டுல எண்டா உம்மா சோறு தரமாட்டா."

கையைக் கழுவி வந்து, தன் குர்ஆன் இருக்கும் உயரத் தட்டில் வைப்பதற்காக வேதாகமத்தை எடுத்தான். உள்ளேயிருந்து, குருத்தோலை ஞாயிறன்று முடையும் ஓலைச் சிலுவை ஒன்று, காய்ந்தது, விழுந்தது.

"வேதத்துக்குள்ள வெச்சதக் கண்டீங்களா?" என்று நீ இரண்டு கடிதத்தில் கேட்டாய். கண்டேன், தினமும் வாசிக்கிறேன் என்று பதில் எழுதியவன் நான்.

மர்சூக் தபாலுக்குப் போக அவசரப்படுத்துகிறான். மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, யாரும் வந்தால் கொடுத்துவிடு. சிலுவையை வேதாகமத்தில் எந்த அதிகாரத்தில் வைத்தாய் என்றும் எழுது. விழுந்ததில் இடம் தெரியவில்லை.

உன்
அருமைராசா