வாசலைத் தாண்டக் கூடாத வீடியோ

செப். 10, புதன்

கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. காலையில் கூட்டிய முற்றம், பத்து மணிக்கு முன் பழையபடி மணல். போனில் சார்ஜ் குத்தும் துவாரத்திலும் மணல். தையல் ஊசியால் கிளறி எடுத்தேன். ஊசி போடக் கூடாதாம். பின்னே மண்வெட்டியா போடுவது?

ஞாயிறு ஆலங்குடாவில் கல்யாணம். பெண்கள் பக்கம் வீடியோ நான். மணமகள் ஷிஃபா. அவளுடைய உம்மா போன கிழமையே நிபந்தனை சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் சொல்வதுதான், அவர் சொன்னது கொஞ்சம் அழுத்தம்.

"எங்கட பொம்புளயள்ட மொகம் இந்த வூட்டு வாசலத் தாண்டப்படாது. நெட்லயும் போடப்படாது. வயர்ல ஏத்திக் குடுங்க, எங்கட கண்ணுக்கு முன்னுக்கு அழிங்க, அதுக்குப் பொறவு போங்க."

சரி என்றேன். ஆறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். ஆண் பிள்ளைகள் வர முடியாத அறைக்குள் எனக்குக் கதவு திறக்கிறது என்றால் அந்த ஒரு காரணத்துக்காகத்தான். கேட்காத வீட்டிலும் 'அழித்தவை' பெட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்துவிட்டுத்தான் எழும்புவேன். நம்பி ஒப்படைத்த பொருள் அது. அமானிதம்.

மேசை லாச்சியில் கிடந்த வயர்கள்:
- போனோடு வந்தது. சார்ஜும் ஏறும், வீடியோவும் போகும். ஆனால் ஆமை.
- வெள்ளை, தடிப்பு. சார்ஜ் மட்டும். வீடியோவுக்கு உள்ளே கம்பியே இல்லையாம். அப்படி ஒன்றை எதற்குச் செய்கிறான்?
- கறுப்பு. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை செய்யும்.
- பழைய காலத்துச் சின்ன வாய் வயர் நாலு. எங்கள் வீட்டில் இப்போது எந்தப் போனுக்கும் பொருந்தாது.

கடைசி நாலையும் இவரிடம், என் வீட்டுக்காரரிடம், கொடுத்து எறியச் சொன்னேன். மூன்றைக் குப்பைக்குப் போட்டார். ஒன்றை எடுத்து, காற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்த கோழிக்கூட்டுக் கதவை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார். முதல் முறையாக ஒரு வயரால் இந்த வீட்டுக்குப் பிரயோசனம்.

செப். 11, வியாழன்

புத்தளம். மாம்புரிச் சந்தியில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். வெயில்.

கடைக்காரரிடம் தெளிவாகத்தான் கேட்டேன்: நிறைய வீடியோ, போனிலிருந்து டிஸ்க்குக்கு, சுறுக்காகப் போக வேண்டும். ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பளபளவென்ற பெட்டி. "தங்கச்சி, இது நூறு வாட். இதுக்கு மேல ஸ்பீட் இலங்கையிலயே இல்ல." நூறு பெரிய எண்தானே. வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஒரே வீடியோவை இரண்டு வயரிலும் அனுப்பிப் பார்த்தேன். பழைய ஆமையும் புதிய நூறு வாட்டும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. நம்பாமல் மூன்று தரம் பார்த்தேன். ஆமைதான். சட்டை மாற்றிய ஆமை.

கடைக்குப் போன் எடுத்தேன். பெட்டி பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டாராம். சார்ஜ் வேகமாக ஏறுதா என்று கேட்டார். ஏறுது என்றேன். அப்ப சரிதானே என்றார்.

எரிச்சலில் மத்தியானச் சோறும் இறங்கவில்லை. எல்லா வயருக்கும் ஒரே வாய், ஒரே வால். பார்த்து ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது.

செப். 14, ஞாயிறு. மஃரிப் தொழுகைக்குப் பின்

வந்துவிட்டேன். கால் இரண்டும் வீங்கிப் போயிருக்கின்றன.

நல்ல கல்யாணம். சவனில், ஒரே தட்டைச் சுற்றியிருந்து, சாப்பாடு. வட்டிலப்பம் இரண்டு தரம். ஷிஃபாவை உடுப்பாட்டும்போது அவளுடைய உம்மா, அந்தக் கண்டிப்பான மாமி, சூட்டுக்குத் தலைத்துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மகளின் தலையை வாரிக்கொண்டே பைத் பாடினார். அப்படியொரு குரல் அவருக்குள் இருக்கும் என்று யார் நினைத்தது? பாடி முடியுமுன் அழுதுவிட்டார். மகளும் அழுதாள். நான் போனைக் கண்ணுக்கு முன் பிடித்தபடி அழுதேன். நாலு நிமிஷம். இந்த ஆறு வருஷத்தில் எடுத்ததில் இதுதான் நல்லது.

அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கியது வேதனை. அவர்களுடைய டிஸ்க்கில் ஏற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் காட்டியது. மாமி கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு, என் போனையே பார்த்தபடி இருந்தார். போனில் இருப்பது ஒரே துவாரம். டிஸ்க்கைக் குத்தினால் சார்ஜ் குத்த முடியாது. சார்ஜ் குத்தினால் டிஸ்க் இல்லை. இதைச் செய்தவன் ஒரு நாளும் கல்யாண வீட்டில் வேலை செய்திருக்க மாட்டான். வயர் மூன்று தரம் விட்டுப் போனது. மணல்தான். மூன்று தரமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

கடைசியில் போனில் 212, டிஸ்க்கிலும் 212. மாமிக்கு எண்ணிக் காட்டினேன். அழித்தேன். காலியான இடத்தைக் காட்டினேன். அதோடு சார்ஜ் முடிந்து போன் செத்துவிட்டது. மாமி சிரித்து, "போனுக்கும் களச்சிப் பெய்த்து" என்றார். சலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

செப். 15, திங்கள்

படுத்தே கிடந்தேன். இவர் சமைத்தார். உப்புக் கூடிவிட்டது.

செப். 16, செவ்வாய்

காலையில் ஷிஃபாவின் வொயிஸ்.

"ராத்தா, உம்மா பாடினது தெறக்குதில்ல. அதோட சேத்துப் பதினொண்டு தெறக்குதில்ல. நான் வியாழன் கத்தார் போறேன் ராத்தா. மத்தது போனாலும் பரவால்ல, அது மட்டும் வேணும்."

பெயர் இருக்கிறதாம், உள்ளே ஒன்றும் இல்லையாம். சைஸ் பூச்சியம். வயர் விட்ட நேரம் பெயர் மட்டும் போயிருக்கிறது. நான் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர சைஸைப் பார்க்கவில்லை. 212, 212 என்று பெருமையாக விரல் வைத்துக் காட்டினேன். மடச்சி.

அடுப்படியில் இருந்து அழுதேன். பிறகு, எதற்கென்று தெரியாமல், போனில் அழித்தவை பெட்டியைத் திறந்தேன்.

எல்லாம் இருந்தன. பதினொன்று அல்ல, 212ம்.

அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் முதலில் வாயில் வந்தது. அடுத்த மூச்சில்தான் விளங்கியது. போன் செத்ததும் பெட்டியை மறந்துவிட்டேன். அப்படியானால் மாமியின் தலை, மாமியின் பாட்டு, அந்த அறையிலிருந்த எல்லாப் பெண்களும் இரண்டு நாளாக என் வீட்டில். நேற்று முழுக்க இந்தப் போனில் இவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரைக் கேட்டேன். வல்லாஹி ஸ்கோரைத் தவிர ஒன்றையும் தொடவில்லை என்றார். நம்புகிறேன். பிறகு ஒரு யோசனையும் சொன்னார்: ஏதோ சாஃப்ட்வெயார் போட்டு மீட்டதாகச் சொல்லிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது.

யாருக்கும் தெரியாது. அதுதான் கரைச்சல். உண்மையைச் சொன்னால் கல்பிட்டி முழுக்க ஒரே கதையாகும், பிறகு எந்த அறைக் கதவும் எனக்குத் திறக்காது. சொல்லாவிட்டால் மாமி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு என்ன பதில்? இவரோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். பாவம். ஏசிய பிறகும் பக்கத்து ஹோட்டலுக்குப் போய், தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரரிடம் வயர் ஒன்று இரவல் வாங்கி வந்தார்.

செப். 17, புதன்

இரவல் வயர் ஒரு சாண் கூட இல்லை. அந்த வெள்ளைக்காரர் சொன்னாராம், வாட் என்பது சார்ஜுக்கு மட்டும். வீடியோ போகும் வேகம் வேறு கணக்கு, அதைப் பெட்டியில் தேடிப் படிக்க வேண்டும். ஆறு வருஷமாக இந்த வேலை செய்கிறேன், இன்றைக்குத்தான் தெரியும்.

பத்து மணிக்கு ஆலங்குடா. ஷிஃபா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பதினொன்றையும் அழித்தவை பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டு டிஸ்க்கைக் குத்தினேன். பதினொன்றும் போய்ச் சேர, அவள் பிளேன்டீக்குச் சீனி போட்டுக் கலக்கும் நேரம்தான். சைஸ் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தேன்.

அதன் பிறகு மாமியிடம் சொன்னேன். முழுவதும். பெட்டியை மறந்தது, இரண்டு நாள், கிரிக்கெட். தலையைக் குனிந்துகொண்டுதான்.

மாமி தஸ்பீஹைக் கீழே வைத்தார்.

"ஒங்கட மாப்புள பாத்தாரா?"

"போனத் தொட்டார் மாமி. இதப் பாக்கல்ல. வல்லாஹி எண்டு சொன்னார்."

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சீக்காது."

"ஓம் மாமி."

அழித்தவை பெட்டியைத் திறந்து அழிக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். பாடினதைப் போடச் சொன்னார். தன்னையே பார்த்தார், நாலு நிமிஷமும். முடிந்ததும் இன்னொரு தரம். பிறகு தன் போனை நீட்டி, நாளைக்கு டிஸ்க் மகளோடு போய்விடும், இதில் ஒன்று போட்டுத் தாங்க என்றார்.

பழைய போன். சின்ன வாய். என் வயர் ஒன்றும் நுழையாது. அவருடைய சார்ஜரோ வயரோடு ஒட்டியது, கழற்ற வராது. புளூடூத்தில் அனுப்பவா என்று கேட்டேன். காற்றில் போகிற வேலை வேண்டாம் என்று முகம் சுளித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மற்ற எல்லாவற்றையும் என் போனிலும் அழித்தவை பெட்டியிலும் அழித்துக் காட்டினேன். கடைசியாக அந்த ஒன்றில் விரலை வைத்தேன்.

"அத விடுங்க," என்றார் மாமி. "வயர் கெடைக்கும் மட்டும் ஒங்கள்ட்ட ஈக்கட்டும். அமானிதம்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். வந்ததும் இவரிடம் சொன்னேன், இனி கிரிக்கெட்டை ரேடியோவில் கேளுங்கள். பர்தாவைக் கூடக் கழற்றாமல் கோழிக்கூட்டுக்குப் போனேன். நாலு சுற்று, இரண்டு முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தேன். வாயில் மணலும் கோழி எச்சமும். துடைத்து, பக்கத்து வீட்டுப் பழைய போனில் குத்தி ஒரு படம் அனுப்பிப் பார்த்தேன். வேலை செய்கிறது.

கோழி ஐந்தும் வெளியே. இவர் துரத்திக்கொண்டிருக்கிறார்.